அம்மா மக்காச்சோளம் வைத்த குளிர்காலம்

சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்த நம் போன் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை நானும் படித்தேன். நம் ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பில் இந்த வருடமும் மான் வேட்டைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று ஒருவர் செய்தி போட்டார். இது பச்சைக் கொலை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பதில் எதுவும் எழுதாமல், மான் மோதி முன்பக்கம் நொறுங்கிப் போன தன் மகளுடைய காரைப் படமெடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் எழுதினீர்கள். நான் எதுவும் எழுதவில்லை. கண்ணாடி இல்லாமல் போனைப் படிக்க முடியாத வயது நமக்கு. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இதையெல்லாம் என்னால் எழுத முடியாது. அதனால் தனியாக எழுதுகிறேன்.

நான் ஆறாவது படித்த வருடம் அது. யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. உங்களில் சிலருக்கு யார் யார் என்று தெரிந்துவிடும், பரவாயில்லை.

பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. பின்பக்கம் வேலி கிடையாது. புல்தரை முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்துவிடும். காடு என்றால் பெரிய காடு இல்லை, இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே வீடு கட்டாமல் விட்டு வைத்த டவுன்ஷிப் நிலம். உள்ளே ஒரு ஓடை உண்டு. அந்த மரங்களில் ஒரு ஆள் உயரம் வரைக்கும் ஒரு இலைகூட இருக்காது. அதற்கு மேலேதான் பச்சை தொடங்கும், யாரோ அளவு வைத்துக் கத்தரித்துவிட்டதைப் போல. தரையில் ஒரு செடி, ஒரு கன்று கிடையாது. எல்லாக் காடும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மான்களின் வாய் எட்டிய உயரம் அது என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். திருநெல்வேலிக்காரர். தோட்டம் போட்டே தீருவேன் என்று கத்தரி, தக்காளி, வெண்டை எல்லாம் வைப்பார். மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போகும். வாசனைக்கு மான் வராது என்று ஆபீஸில் யாரோ சொன்னார்களென்று அம்மாவின் பழைய ஸ்டாக்கிங்ஸில் சோப்புக் கட்டிகளைப் போட்டுச் செடிகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மழை பெய்தால் தோட்டமெல்லாம் குளியலறை வாசனை அடிக்கும். மான்கள் சோப்பை விட்டுவிட்டுக் கத்தரியைத் தின்றன.

"உன் ஆளுங்க வந்து சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க" என்பார் அப்பா அம்மாவிடம்.

"பசிச்சா சாப்பிடாதா? விடுங்க" என்பார் அம்மா.

அம்மாவுக்கு அப்போதே மான் என்றால் பிடிக்கும். ஆனால் அந்த வருடம் நடந்ததெல்லாம் பிடித்தம் என்பதால் நடந்ததில்லை. ஒரு விபத்தில்தான் ஆரம்பித்தது.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். நேற்று வரைக்கும் வெளிச்சமாக இருந்த நேரம் திடீரென்று இருட்டிப் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் நடந்த தமிழ் வகுப்பு முடிந்து அம்மா என்னைக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு கோடைதான் ஆகியிருந்தது. எங்களுடையது பழுப்பு நிற ஸ்டேஷன் வேகன். பின்சீட்டு ரெக்சினில் ஒரு கிழிசல். அதற்குள் விரல் விட்டு மஞ்சள் பஞ்சை உருட்டிக்கொண்டே வருவது என் வழக்கம்.

மான் எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. அம்மா "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. கார் நின்றது. சாலையோரப் புல்லில் ஒரு பெண் மான் விழுந்து கிடந்தது. முன்னங்கால்களை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. பின்பக்கம் வரவில்லை. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

பின்னால் வந்த கார்க்காரர் போலீசுக்குச் சொன்னார். அவர்கள் வரும்வரை அம்மா மானிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் காரிலிருந்து இறங்கப் போனேன். "உள்ளயே இரு" என்றார். வந்த போலீஸ்காரர் சின்ன வயது, மரியாதையானவர். அம்மாவைக் காருக்குள் உட்காரச் சொன்னார். மறுபக்கம் பார்த்துக்கொள்ளுங்கள் மேம் என்றார். அம்மா பின்சீட்டில் ஏறி என் தலையைத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். துப்பாக்கிச் சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஒரு பலகை தரையில் விழுந்தது போல இருந்தது.

மறுநாள் அப்பா இரண்டு சின்னக் கறுப்பு ஊதல்களை வாங்கி வந்து பம்பரில் ஒட்டினார். கார் ஓடும்போது காற்றில் அவை ஊதுமாம், நமக்குக் கேட்காத சத்தமாம், மான் ஓடிவிடுமாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம். நான் இனிமே ஸ்டீரிங்கையே தொடப் போறதில்ல" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் சமையலறை ஜன்னலில் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் ஐஸ்கிரீம் வந்த பெரிய நீல டப்பாவில் காய்கறித் தோல், ஆப்பிள் துண்டு எல்லாம் நிரப்பிக்கொண்டு போய்ப் புல்தரை முடிகிற இடத்தில் கொட்டினார்.

"என்ன பண்றே?" என்று அப்பா கேட்டார்.

"சாப்பாடு இங்கயே கிடைச்சா அது எதுக்கு ரோடு தாண்டிப் போகப்போகுது?"

அப்பாவுக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இப்போது யோசித்தாலும், அந்த இடத்தில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டு தெரு தள்ளி டாக்டர் அங்கிள் வீடு. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. பெரிய குரல், அதைவிடப் பெரிய சிரிப்பு. நாங்கள் சைவம், அவர்கள் அப்படியில்லை. ஆனால் நாங்கள் போகும்போது சமைக்க ஆன்ட்டி தனியாகப் பாத்திரங்கள் வைத்திருந்தார். அம்மாவுக்கு அங்கிள் அண்ணன், ஆன்ட்டி அக்கா. இங்கே சொந்தக்காரர்கள் என்று எங்களுக்கு இருந்தது அவர்கள்தான். அம்மா கார் ஓட்டுவதை நிறுத்தியதும் ஆன்ட்டிதான் அவரை மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போனார். காய்கறித் தோல் போதவில்லை என்று அம்மா சொன்னபோது, கால்நடைத் தீவனம் விற்கிற கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் மக்காச்சோள மூட்டை வாங்கிக் கொடுத்ததும் ஆன்ட்டிதான். மூட்டையை இறக்கி வைக்கும்போது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கனமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மான்கள் வரத் தொடங்கின. முதலில் இரண்டு, பிறகு ஒரு கூட்டம். அம்மா கதவைத் திறக்கும் சத்தத்துக்கே மரங்களுக்கு நடுவே தலைகள் தெரியும். ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். சோளத்தை மெல்லும் சத்தம் ஜன்னல் மூடியிருந்தாலும் கேட்கும். அம்மா அந்த நேரத்தில்தான் சிரித்தார்.

அப்போதுதான் டவுன்ஷிப் கூட்டம் வந்தது. காட்டில் மான் அதிகமாகிவிட்டது, வில் வைத்து வேட்டையாடுகிறவர்களை உள்ளே விடலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அம்மா போக வேண்டும் என்றார். அப்பா ஆச்சரியப்பட்டார். அம்மா ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர், ஆனால் இங்கே கடையில் பில் தப்பாகப் போட்டால்கூட வாய் திறக்க மாட்டார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட கஃபெட்டீரியாவில் நடந்தது. தரை துடைத்த மருந்து வாசனையும் பழைய பால் வாசனையும் கலந்திருந்தது. ஒருபக்கம் வேட்டைக்குப் போகிற, தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மைக்குக்கு முன்னால் போய் நின்றபோது சேலை மேல் போட்டிருந்த மெரூன் கோட்டின் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"தே ஆர் ஆல்சோ ஹேவிங் சில்ட்ரன்" என்றார் அம்மா. "வீ டுக் தெயர் பிளேஸ். நௌ வீ ஆர் ஸேயிங் தே ஆர் டூ மெனி. வீ ஆர் ஆல்சோ மெனி."

யாரோ சிரித்தார்கள். பிறகு கைதட்டல் வந்தது, நிறைய. அம்மா மாதிரியே நினைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அம்மா கன்னம் சிவக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அடுத்துப் பேசக் கூப்பிட்டபோது, தொப்பிக்காரர்கள் வரிசையிலிருந்து எழுந்தது டாக்டர் அங்கிள்.

அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை. இந்தக் காட்டில் இத்தனை மான்களுக்குச் சாப்பாடு கிடையாது, ஓநாயும் கிடையாது, காரும் பட்டினியும்தான் அவற்றைக் கொல்கின்றன என்றார். தான் சில வருடங்களாக லைசென்ஸ் வாங்கி வேட்டைக்குப் போவதாகவும், கறியைச் சாப்பிடுவதாகவும், மீதியை இலவச உணவு கொடுக்கிற இடத்துக்குத் தருவதாகவும் சொன்னார். கடைசியாக, "எனக்கு வேண்டியவர்களே இரக்கப்பட்டு அவற்றுக்குத் தீனி வைக்கிறார்கள். அது அவற்றுக்கு நல்லதில்லை" என்று முடித்தார். அப்போது அம்மா பக்கம் அவர் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்களா?"

"ஆமாங் தங்கச்சி. ஆஸ்பத்திரில கூட இருக்கற டாக்டர் ஒருத்தர் பழக்கி விட்டாருங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

ஆன்ட்டி தரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சா என்னை சோளக் கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நீ அழுதுட்டே இருந்தே. வேற என்ன பண்ணச் சொல்றே என்னை?" என்றார் ஆன்ட்டி.

அம்மா அங்கிள் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரியில மனுஷனுக்கு வலிக்காம இருக்க மருந்து குடுக்கறீங்க. சாயங்காலம் போய் வாயில்லா ஜீவனை அம்பு விட்டுக் கொல்றீங்க. எப்படிண்ணா முடியுது?"

"பட்டினியில அது சாகறதப் பாத்திருக்கீங்களா?"

"நான் போடறேனே, அது ஏன் பட்டினி கிடக்கப்போகுது?"

அப்பா, "சரி சரி, குளிருது, வா" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். அன்றிலிருந்து ஆன்ட்டியின் கார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கோயிலில் அங்கிள் சாப்பாட்டு வரிசையில் நின்றால், "வேடர் வர்றாரு, வழி விடுங்க" என்று சிலர் கேட்கும்படியே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப்பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. அவர் அவர்களைப் பார்த்தும் சிரித்தார்.

வேட்டையை ஒரு வருடம் தள்ளி வைத்தது டவுன்ஷிப். அம்மா ஜெயித்துவிட்டார். அன்று கேசரி கிளறினார்.

பிறகு பனி வந்தது. முதலில் முழங்கால் ஆழத்துக்குப் பெய்தது. அதன் மேல் ஒரு நாள் மழை பெய்து, ராத்திரியோடு இறுகி, எல்லாவற்றின் மேலும் கண்ணாடி ஊற்றியது போல ஆகிவிட்டது. நமக்குப் பள்ளி விடுமுறை. மான்கள் அடி வைத்தால் மேலே இறுகிய பனி ஓடு உடைந்து கால் உள்ளே போகும், எடுத்தால் கிழியும். காட்டில் தின்ன ஒன்றும் இல்லாமல், எங்கெங்கிருந்தோ எங்கள் புல்தரைக்கு வந்தன. விலா எலும்பு தெரிந்தது. ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டன.

"நாம இல்லைன்னா இதுங்க கதி என்ன?" என்றார் அம்மா. சோளத்தை இரண்டு மடங்காக்கினார். இந்தத் தடவை மூட்டையைச் சுமந்தது அப்பா. பழைய சோறு, ரொட்டி எல்லாம் போட்டோம். அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அவசர அவசரமாகத் தின்றன. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் என் வகுப்புப் பெண்களின் பெயரை வைத்தேன்.

முதலில் செத்தது ஊஞ்சலடியில் கிடந்தது. அடுத்த நாள் காலையில் ஓடைப் பக்கம் இரண்டு. பிறகு அந்தக் காது கிழிந்த மான். எல்லாம் வயிறு உப்பிக் கிடந்தன. அம்மா நைட்டி மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, வாணலி காய்ந்துகொண்டிருந்த அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்துவிட்டார். வீடு முழுக்கக் கடுகு தீய்ந்த புகை.

அப்பா டவுன்ஷிப்புக்குப் போன் பண்ணினார். வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு இளம் பெண் வந்தார். செத்த மான்களை எடுத்துப் போக ஒரு டிரக் வேண்டும். டிரக் வைத்திருந்த, எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் டாக்டர் அங்கிள். அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா அவரைக் கூப்பிட்டார். அவர் உடனே வந்தார்.

அந்தப் பெண் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயை விரித்து ஒரு மானின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். நான் கராஜ் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தேன். ரத்த வாடை வரும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். வந்தது புளித்துக் கெட்டுப்போன மாவின் வாடை. உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சோளம், அப்படியே இருந்தது.

அவர் அப்பாவிடம் சொன்னது முழுவதும் எனக்குப் புரிந்தது. குளிர்காலத்தில் இவற்றின் வயிறு குச்சியும் பட்டையும் தின்னப் பழகிவிடும், திடீரென்று தானியம் நிறையப் போனால் வயிற்றுக்குள் அமிலமாகிவிடும், வயிறு நிறைந்த நிலையிலேயே செத்துப்போகும் என்றார். மெலிந்தவற்றில் சில எப்படியும் பிழைத்திருக்காது, ஆனால் இவற்றைக் கொன்றது சோளம்தான் என்றார். யார் போட்டது என்று கேட்டார். "மை வைஃப்" என்றார் அப்பா. அந்தப் பெண் கத்தியைத் துடைத்து வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், ஆனால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

அப்போது அம்மா வெளியே வந்தார். பாதி தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"என்ன சொல்றாங்க?"

அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "குளிராம். இந்த வருஷம் குளிர் ரொம்ப ஜாஸ்தியாம். தாங்கலையாம்" என்றார்.

அங்கிள் மானின் கால்களைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். தமிழ் புரிந்த மூன்றாவது ஆள் அவர். நிமிரவே இல்லை.

அம்மாவின் பார்வை அவர் மேல் போய் நின்றது. "திருப்திதானே அண்ணா? உங்களுக்கு வேலை மிச்சம். நீங்க அம்பு விடாமலே செத்துப் போச்சு. எடுத்துட்டுப் போய் ஃப்ரீசர்ல வெச்சுக்குங்க."

"இல்லீங் தங்கச்சி" என்றார் அங்கிள். அவ்வளவுதான் சொன்னார். சொல்ல எவ்வளவோ இருந்தது. மானை டிரக்கில் ஏற்றினார், அடுத்ததைத் தூக்கக் குனிந்தார். அப்பா பக்கத்திலேயே நின்றார்.

அப்பா சொன்ன பொய்யை நான் அன்றும் தவறாக நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் திட்டு வாங்கியபோது அப்பா கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாரே, அது எனக்குப் பல வருடங்கள் உறுத்தியது. என் அப்பா நல்லவர். நல்லவர்கள் எப்போது பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்று நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

எலி வருகிறது, டவுன்ஷிப் கூடாது என்கிறது என்று சொல்லி அப்பா மிச்சமிருந்த மூட்டையை எங்கோ கொண்டுபோய்ப் போட்டார். அம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அதைக் கேட்காததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

வசந்தம் போய்க் கோடை வந்தது. ஆன்ட்டியும் அம்மாவும் கோயிலில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு தூண் பக்கம் ஒதுங்கினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் டவுன்ஷிப் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. அம்மா அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் அம்மா அப்பாவிடம் கார் சாவியைக் கேட்டார். அப்பா கையை நீட்டிச் சாவியைக் கொடுத்தார், காரணம் கேட்கவில்லை. அம்மா என்னை மட்டும் ஏற்றிக்கொண்டார். இரண்டு தெரு தூரத்துக்கு அவ்வளவு மெதுவாகப் போனோம், ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது.

ஆன்ட்டி கதவைத் திறந்து, அம்மாவைப் பார்த்து, "வா, காபி போடறேன்" என்றார். அங்கிள் கராஜிலிருந்து வந்தார். வில்லுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

அம்மா உட்காரவில்லை. "அந்தப் பொண்ணு சொன்னது அன்னைக்கே கதவுகிட்ட என் காதுல விழுந்துச்சு, புரிஞ்சுது அண்ணா. கார்ன், ஸ்டமக். இந்த ரெண்டு வார்த்தைக்கு எனக்கு டிக்ஷனரியா வேணும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அத்தனை மாதமும் அவர் இதை மனதில் வைத்துக்கொண்டு எங்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்.

அங்கிள் கேட்டார், "அப்புறம் ஏனுங் என்னத் திட்டுனீங்க?"

"யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. நீங்கதான் நின்னீங்க."

"அதுக்கென்னங். விடுங்க."

"விட முடியலையே. அவர் எனக்காகப் பொய் சொன்னார். நீங்க எனக்காக வாயை மூடிட்டு நின்னீங்க. எல்லாரும் என்னைக் காப்பாத்தினீங்க. நான் கொன்னது கொன்னதுதானே?" அம்மா அழவில்லை. கணக்கு டீச்சர் போர்டில் எழுதுவது போலச் சொன்னார். பிறகு, "நான் ஒண்ணு கேக்கறேன், நிஜம் சொல்லணும். நீங்க அம்பு விட்டா உடனே செத்துடுமா?"

அங்கிள் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, நாற்காலி கிறீச்சிட்டது.

"நெறய நேரம் உடனேதானுங். சில நேரம் கொஞ்ச தூரம் ஓடும், போய்ப் பாத்தா விழுந்து கெடக்கும்." நிறுத்தினார். "வேற ஊர்க் காட்டுல ஒண்ணு கெடைக்கவே இல்லீங். கைய விட்டப்பவே தெரிஞ்சு போச்சு, தப்பான எடத்துல பட்டுருச்சுன்னு. ரத்தம் எலை மேல சொட்டுச் சொட்டாப் போச்சு. ஓடை வரைக்கும் போனேன். அதுக்கப்பறம் தடம் இல்லீங். மக்யா நாளும் லீவு போட்டுட்டுத் தேடுனேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார் ஆன்ட்டி அடுப்பிலிருந்து திரும்பி.

"என்னன்னு சொல்றது?"

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

"இதை நீங்க மீட்டிங்ல சொல்லியிருக்கணும்" என்றார் அம்மா.

"அத எதுக்குங் அங்க போய்..."

"நான் பண்ணினதுக்கு நான் யாரையும் பெர்மிஷன் கேக்கல. தெரியாம பண்ணினேன், அது என்னோட தப்பு. நீங்கல்லாம் ஊரைக் கூட்டி பெர்மிஷன் கேக்கறீங்க. கேக்கறவங்க எல்லாத்தையும் சொல்லித்தான் கேக்கணும். மான் ரோட்டுல சாகுது, பட்டினியில சாகுதுன்னு சொன்னீங்க. சரி, நான் ஒத்துக்கறேன். இது மாதிரி எங்கயோ போய் யாரும் பாக்காம சாகறதையும் சேத்துச் சொல்லுங்க. அப்புறம் ஊர் முடிவு பண்ணட்டும்."

அங்கிள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "நீங்களே வந்து கேளுங் தங்கச்சி" என்றார்.

அம்மா போனார். அடுத்த வருடக் கூட்டத்துக்குப் போனார், அதற்கடுத்த வருடமும் போனார். இருட்டிய பிறகு கார் ஓட்ட அவருக்கு அப்போதும் பயம். அதனால் அங்கிளின் டிரக்கில்தான் போவார். நடுவில் அம்மா, ஓரத்தில் ஆன்ட்டி. உள்ளே போனதும் அங்கிள் தொப்பிக்காரர்கள் பக்கம் உட்காருவார், அம்மா எதிர்ப்பக்கம். அப்பா சில சமயம் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். பொங்கலுக்கு அங்கிள் வீட்டுக்கு முதல் ஆளாகப் போவதும், அவருடைய கராஜைப் பெருக்கிக் கொடுப்பதும் அந்த வருடங்களில் அப்பாவுக்கு வழக்கமாகியிருந்தது. மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அம்மா வேட்டை வேண்டாம் என்று அதற்குப் பிறகு சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. மைக்குக்கு முன்னால் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"லாஸ்ட் இயர், ஹௌ மெனி யூ டிட் நாட் ஃபைண்ட்?"

வில்வேட்டைக்காரர்களின் தலைவர் ஒருவர் இருந்தார். மிகக் குறைவு மேம், எங்கள் ஆட்கள் பயிற்சி எடுத்தவர்கள் என்பார். அம்மா நகர மாட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் இருமுவார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அப்போது அந்த வரிசையிலிருந்து அங்கிள் எழுந்திருப்பார். ஒரு வருடம் "நன்" என்றார். ஒரு வருடம் "ஒன்" என்றார், எந்த இடம், எவ்வளவு நேரம் தேடினார் என்பதையும் சொன்னார். அவர் பக்கத்து ஆட்கள் அவரை முறைத்தார்கள். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அம்மா போய் உட்கார்ந்தார். திரும்பி வருகையில் டிரக்கில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது, வெங்காயம் விலை, யார் பெண்ணுக்குக் கல்யாணம், இதுதான்.

நான் காலேஜ் முதல் வருடம், லீவுக்கு வந்திருந்தபோது ஒரு கூட்டத்துக்குப் போனேன். அங்கிளுக்கு அப்போது தோள்பட்டை போய்விட்டது, வில்லைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முறை வந்தது. மைக்குக்கு நடந்து போய், தொண்டையைக் கனைத்து, வாயைத் திறந்தார்.

அவர் கேட்பதற்குள், தொப்பிக்காரர்கள் வரிசையின் கோடியில் நாங்கள் யாரும் அறியாத ஒரு இளைஞர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டூ, மேம்" என்றார். "ஐ லுக்ட் ஃபார் போத்."